இடமாகச் சுற்றிய சங்குப்பூ

ஒரே ஆணையின்படி, ஒரே நாளில், ஒரே பதவியில் இருவர் சேர்ந்தால், வயதில் மூத்தவரே பணியிலும் மூத்தவர். இந்த விதியை வைத்து முப்பத்து மூன்று வருடம் நான் எத்தனையோ கோப்புகளை முடித்திருக்கிறேன். மேல்முறையீட்டில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. என் அத்தை மகளைவிட நான் பதினோரு நாள் மூத்தவள். எங்கள் இருவருடைய சங்குப்பூ விதைகளும் ஒரே நெற்றிலிருந்து உதிர்ந்து, ஒரே ஈரத்துணியில் ஊறி, ஒரே காலையில் தொட்டிக்குள் போனவை. ஆகவே ஸ்ரீரங்கத்து வீட்டின் கிழக்கு ஜன்னல் எனக்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒதுக்கப்படவில்லை. அவளுக்குப் போயிற்று. அறுபது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கு முதலில் வருவது வயிற்றெரிச்சல்தான். அதன் பிறகுதான் வீட்டுக்காரர்களை நலம் விசாரிக்கிறேன்.

நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது கொடி வளர்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள். காலையில் நடக்கும்போது பேச்சு சர்க்கரை அளவில் தொடங்கி, தொட்டியில் வந்து முடிகிறது. பால்கனிக் கம்பியில் ஏற்றலாமா, தேங்காய் நார் சுற்றிய கம்பம் வாங்கலாமா, பூ ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள். நானும் தென்னூர் வீட்டு ஹாலில் நான்கு தொட்டி வைத்திருப்பதால் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது மூன்றே விஷயம். வழவழப்பான கம்பியில் கொடி நழுவும். அதன் மேல் கயிறு சுற்ற வேண்டும். கட்டுவதாக இருந்தால் பழைய வேட்டிக் கிழிசலால், எட்டுப் போட்ட மாதிரித் தளர்வாகக் கட்ட வேண்டும். தையல் நூல் கூடாது. மூன்றாவது, அது எந்தப் பக்கம் சுற்ற விரும்புகிறதோ அந்தப் பக்கம் விட்டுவிட வேண்டும். இந்த மூன்றையும் நான் கற்றுக்கொண்டது ஒரே பருவத்தில். மூன்றாவதற்கு நான் கொடுத்தது அதிகம். இன்னொருத்தி கொடுத்தது அதைவிட அதிகம்.

அந்த வருடம் அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா தென்னூருக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிளில் அலைந்துகொண்டிருந்தார். கோடை விடுமுறை தொடங்கிய அன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னை பஸ்ஸில் ஏற்றி, கூடவே வந்து, ஸ்ரீரங்கத்தில் தன் அக்கா வீட்டில் விட்டார். "ரெண்டே மாசம்தாம்மா" என்றார். நான்கு மாதம் ஆயிற்று; பள்ளிக்கூடம் திறந்ததும் என்னையும் அத்தை மகளோடு அங்கேயே அனுப்பினார்கள். தற்காலிகப் பணியிடங்கள் எப்படி நீட்டிப்பு ஆணை இல்லாமலே நீளும் என்பதை நான் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

அத்தை வீடு அடையவளஞ்சான் வீதியில். வாசலில் நின்றால் தெற்கே, மேலே கட்டி முடிக்கப்படாத மொட்டைக் கோபுரம் தெரியும். அந்த வீதியே கோயிலைச் சுற்றிக்கொண்டு போகிறது, அத்தையும் அப்படித்தான். அவள் பிறந்தது தென்னூரில், எங்கள் வீட்டில். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தவள், அங்கேயே பிறந்தவர்களைவிட ஒரு படி மேலே போய்விட்டாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விதிப் புத்தகத்தின் மேல் இருக்கும் பக்தி பழையவர்களுக்கு இருப்பதில்லை. காப்பியில் சர்க்கரையை வலமாகத்தான் கலக்குவாள். மாவு அரைத்தால் குழவி வலமாகத்தான் போகும். மளிகைக் கடை எங்கள் வீட்டிலிருந்து அப்பிரதட்சிணப் பக்கத்தில், நான்காவது கட்டடம். அத்தை தன் காலால் அங்கே போய் நான் பார்த்ததில்லை. "குழந்தைங்களுக்குத் தோஷமில்ல" என்று எங்களை அனுப்புவாள்.

செடிகளை வெளியே வைக்க முடியாது. குரங்குகள். மாடியில் வைத்த துளசியைக்கூட வேரோடு பிடுங்கிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் எறிந்துவிட்டுப் போகும். அதனால் எது வளர்ந்தாலும் வீட்டுக்குள், கம்பிக்குப் பின்னால்தான் வளர வேண்டும்.

மாமா, அதாவது அத்தையின் கணவர், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். காக்கிச் சட்டையில் எண்ணெய் வாசனையோடு வருவார். பேசமாட்டார். அத்தை பேசும்போது செய்தித்தாளை உயர்த்திக்கொள்வார். அவள் குரல் உயர உயர, தாளும் உயரும். அந்த வைகாசியில் ஒருநாள் சட்டைப் பையிலிருந்து ஒரு காய்ந்த நெற்றை எடுத்து எங்கள் முன் உடைத்தார். ஏழு விதைகள். "அடுக்குச் சங்கு. ஒரு பூவுக்குள்ள இன்னொரு பூ இருக்கும்" என்றார். அது அவரிடமிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு.

ஆளுக்கு ஒன்று முளைத்தது. மறுநாளே ஒதுக்கீடு நடந்தது.

"ஜன்னல்ல ஒரு தொட்டிக்குத்தான் எடம் இருக்கு" என்றாள் அத்தை. "அது அவளுக்கு. நீ என்ன, ரெண்டு மாசத்துல போகப்போறவ."

"நான்தான் பெரியவ அத்தை. பதினோரு நாள்."

"பதினோரு நாள்ல என்னடி பெரியவ? பேச்சைப் பாரு!"

அத்தை மகள் தொட்டியைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஓரமாகச் சிரித்தாள். அவளுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து உண்டு. அந்தச் சந்தின் மேலும் எனக்குப் பொறாமை இருந்தது; அவள் அதன் வழியாக விசிலடிப்பாள்.

என் தொட்டிக்குக் கிடைத்தது நடை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த இருட்டுச் சந்து அது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக ஒரு தட்டு அளவுக்கு வெயில் விழும். பத்து மணிக்குச் சுவரில் தொடங்கி, தரையில் இறங்கி, ஒரு மணிக்குள் எதிர்ச்சுவரில் ஏறிப் போய்விடும். விடுமுறை நாட்களில் நான் அந்த வெயிலின் பின்னாலேயே தொட்டியை நகர்த்திக்கொண்டு போவேன். தரை சிவப்பு சிமெண்ட். மண்தொட்டி இழுபடும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். "யாருடி அது, ரயில் ஓட்டுறது?" என்று சமையலறையிலிருந்து அத்தை கத்துவாள். மூன்று மணி நேர வெயில், அதுவும் தவணை முறையில். ஜன்னலில் காலை ஆறரைக்கே சூரியன் வந்து உட்கார்ந்துவிடும்.

கொடி ஏறுவதற்கு அத்தை மகளுக்கு மாமா ஜன்னலின் மேல்சட்டத்திலிருந்து தொட்டி வரைக்கும் ஒரு கயிறு கட்டிக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. என் நடையில் கயிறு கட்ட ஆணி இல்லை, சட்டமும் இல்லை. இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வந்தவர் கையில் ஒரு குடை. துணியைப் பிய்த்து எடுத்துவிட்ட பழைய ஆண்கள் குடை. கைப்பிடி வளைவை அறுத்துவிட்டு, இரும்புத் தண்டில் அடியிலிருந்து நுனி வரை தென்னங்கயிற்றை இடைவெளி விடாமல் சுற்றியிருந்தார். அதைத் தொட்டிக்குள் ஊன்றி, மேலே விரித்துவிட்டார். எட்டுக் கம்பிகள் நட்சத்திரம் மாதிரி விரிந்து நின்றன.

"தண்டுல ஏறி, மேல வந்து, எட்டுப் பக்கமும் போகும்" என்றார். அப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு ஜன்னல், எனக்கு ஓட்டைக் குடை என்று. அந்தக் கயிற்றைச் சுற்ற அவருக்கு இரண்டு மத்தியான இடைவேளைகள் பிடித்திருக்கும் என்று இப்போது கணக்குப் போடத் தெரிகிறது. அவள் கயிற்றுக்கு ஐந்து நிமிடம். அப்போது நான் பார்த்தது ஜன்னலை மட்டும்தான்.

கொடி ஒரு சாண் வந்ததும் அத்தை வந்து பார்த்தாள். அன்றைக்குத்தான் அந்த விதி பிறந்தது.

"இந்தப் பக்கமா சுத்தி விடணும்டி" என்று கொழுந்தை இரண்டு விரலால் பிடித்து, என் தொட்டியைத் தானே ஒருமுறை சுற்றி வந்து காட்டினாள். சன்னதியைச் சுற்றுவதுபோல, குடைத்தண்டு அவள் வலது கைப் பக்கம் இருந்தது. "வலமா. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். சங்குன்னு பேரை வெச்சுக்கிட்டு இடம்புரியா ஏறலாமா? இடமா சுத்துன கொடியில பூத்த பூ பெருமாளுக்கு ஆகாது."

அத்தை எந்த நூலில் படித்தாள் என்று கேட்காதீர்கள். வலம்புரிச் சங்கு உயர்ந்தது, அதனால் சங்குப்பூவும் வலமாக ஏற வேண்டும். அவ்வளவுதான் ஆதாரம். இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் வெளியான சுற்றறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கீழ்ப்படிந்தேன். தினம் சாயங்காலம் கொழுந்தை எடுத்து வலமாகச் சுற்றி, அத்தையின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை நூலால் கட்டுவேன். காலையில் பார்த்தால், கட்டுக்கு மேலே வளர்ந்த ஒரு விரல் நீளம் தண்டைவிட்டு விலகிக் காற்றில் நிற்கும். இடப்பக்கமாகத் திரும்பி, எதையோ தேடுவதுபோல. மறுபடி பிடித்து, திருப்பி, கட்டுவேன். நூல் கொடியில் பதிந்து, இடுப்புக் கயிறு இறுகியதுபோல வெட்டுக் காயங்கள் ஆயின. இலைகள் வெளுத்தன. சங்குப்பூ எப்போதும் இடமாகத்தான் சுற்றும், அவரையும் அப்படித்தான், என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவேளை யாராவது சொல்லியிருந்தாலும், அத்தை சொன்னதற்கு மாறாக நான் நடந்திருக்கமாட்டேன். அவள் வாயால் "நல்ல பொண்ணு" என்று கேட்க வேண்டும் எனக்கு. அம்மா எப்போது வருவாள் என்று யாரும் சொல்லாத வீட்டில், கிடைக்கக்கூடிய நற்சான்று அது ஒன்றுதான்.

அத்தை மகளின் கொடியோ ஏறியது. ஒரு நாளைக்கு நான்கு விரல். ஜன்னல் கதவு பாதி சாத்தியிருக்கும். அந்த மறைவில் அது கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே போனது. நான் என் கொடியைப் பார்த்த நேரத்தைவிட அவள் கொடியைப் பார்த்த நேரம் அதிகம். பல் தேய்க்கும்போது பார்ப்பேன். பள்ளிக்கூடப் பையை எடுக்கும்போது பார்ப்பேன். சாப்பிடும்போது ஜன்னல் தெரிகிற மாதிரி உட்காருவேன். ஐந்து ஐந்தாக இலை, கரும்பச்சை, ஒரு பொட்டு மஞ்சள் கிடையாது. என்ன செய்கிறாள்? மீன் கழுவிய தண்ணீரா? அந்த வீட்டில் மீன் கிடையாது. அரிசி களைந்த தண்ணீரை நானும்தான் ஊற்றினேன்.

காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. மத்தியானம், அத்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் நடையில், வெயில் வட்டத்தின் பின்னால். கூடத்தில் அப்பாவும் மகளும் ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, இது இடமாத்தான் சுத்துது. நான் ஒண்ணும் பண்ணல. முதல் நாள் வலமா சுத்தினேன், அவுந்துக்கிச்சு. சரி போன்னு விட்டுட்டேன்."

"ம்."

"அம்மா பாத்தா திட்டுவாங்கல்ல?"

"திட்டுவா."

"ஆனா நான் யோசிச்சுப் பாத்தேம்ப்பா. செடி எதால சாப்பிடுது? வேரால. அப்ப வேர்தானே வாய்? வாய் இருக்கிற எடம்தானே தலை?"

"சரி."

"அப்ப அது தலைகீழா நின்னுக்கிட்டு இருக்கு. தலைகீழா நின்னு இடமா சுத்துனா கம்பம் எந்தக் கைப் பக்கம் வரும்? வலது! அது ஒழுங்காத்தான் பிரதட்சிணம் பண்ணுது. நாமதான் தலைகீழா பாக்குறோம்."

மாமா சிரித்தார். உடம்பு குலுங்க, சத்தமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் பல்லை நான் பார்த்ததில்லை. "அடிப் பாவி! அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதே, அவ உன்னைத் தலைகீழா நிக்க வெப்பா" என்று அவள் தலையைப் பிடித்து ஆட்டினார். அவள் அந்தப் பல் சந்தின் வழியாக விசிலடித்தாள்.

நான் நடையில் நின்றேன். வெயில் தொட்டியை விட்டுச் சுவரில் ஏறிவிட்டது. பிறகு யாரும் இல்லாதபோது ஒரு மரப்பாச்சியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குடைத்தண்டை இடமாகச் சுற்றிப் பார்த்தேன். தண்டு மரப்பாச்சியின் வலது கைப் பக்கம்தான் வந்தது. அவள் சொன்னது சரி. விதியை மீறினாள், கொடி வளர்ந்தது. மீறியதற்கு நியாயமும் கண்டுபிடித்தாள், அதுவும் சரியாக இருந்தது. அதற்குப் பரிசாக அந்தச் சிரிப்பு. என் அப்பா அப்போது சிரிப்பதை நிறுத்தியிருந்தார். விதிப்படி நடந்த எனக்குக் கிடைத்தது நூல் வெட்டிய தண்டு.

ஆடி பிறந்த பிறகு அவள் கொடியில் இரண்டு மொட்டு வந்தன. நுனியில் நீலம் எட்டிப் பார்த்தது. அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தை அவளைக் கடைக்குப் பெருங்காயம் வாங்க அனுப்பினாள். மாமா கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார். நான் சமையலறைக்குப் போனேன்.

நல்ல புகார் மனுவில் மூன்று பகுதி இருக்க வேண்டும்: நடந்தது, மீறப்பட்ட விதி, மனுதாரரின் வேண்டுகோள். நான் முதல் பகுதியை மட்டும் சொன்னேன். மற்ற இரண்டும் அத்தைக்கே தெரியும்.

"அத்தை, அவ கொடி இடமா சுத்துது."

பொய் ஒரு சொல்கூட இல்லை. அதை நன்றாகக் கவனியுங்கள். நானும் அறுபது வருடமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் கதவை முழுக்கத் திறந்தாள். விரலால் கொடியைத் தொடர்ந்து மேலே போனாள். "பெருமாளே" என்றாள். பிறகு நுனியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். அவள் கோபத்தில் பிய்த்தாள் என்று சொல்ல எனக்கு ஆசை. அப்படிச் சொன்னால் என் பங்கு குறையும். ஆனால் அவள் மெதுவாகத்தான் பிரித்தாள், குழந்தைக்குத் தலைச்சிக்கு எடுப்பதுபோல. மொத்தம் பதினோரு சுற்று. என் மூப்புக்கு உள்ள நாட்கள் எத்தனையோ, அத்தனை. எட்டாவது சுற்றில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். வெண்டைக்காய் முற்றல் பார்க்க நுனியை ஒடிப்போமே, அந்தச் சத்தம். இரண்டு மொட்டோடு மேல்பகுதி அத்தை கையில் வந்துவிட்டது.

அவள் பெருங்காய டப்பாவோடு வாசலில் நின்றாள்.

"யாரும்மா சொன்னா?"

"யார் சொன்னா என்ன? சுத்துச்சா இல்லையா?"

புகார்தாரரின் பெயரை வெளியிடக் கூடாது என்ற விதியை அத்தை எங்கேயும் படிக்காமலே கடைப்பிடித்தாள்.

அத்தை மகள் தன் அப்பாவிடம் திரும்பினாள். "உங்களுக்கு மட்டும்தானே தெரியும். நீங்களாப்பா சொன்னீங்க?"

மாமா தாளை இறக்கினார். முதலில் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் நடையின் இருட்டில் ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அவர் 'நான் இல்லை' என்று சொல்லியிருக்கலாம், இரண்டு சொல். அவர் தாளை மடித்தார். மறுபடி மடித்தார். "கொடிதானேம்மா. தழைஞ்சுக்கும்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தபடியே பெருங்காய டப்பாவைத் தரையில் வைத்தாள். பிறகு என்னிடம் வந்து, காதோரம், "நீயாடி?" என்றாள்.

"இல்ல. சத்தியமா இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் ஜன்னல் எனக்கு மறு ஒதுக்கீடு செய்யப்பட்டது. "சொன்ன பேச்சைக் கேக்குற பொண்ணு" என்று அத்தை என் தலையைத் தடவினாள். நான் எதிர்பார்த்த நற்சான்று; உரிய அலுவலரின் வாயால். குடையோடு என் தொட்டி ஜன்னலில் ஏறியது. ஒடிந்த கொடியின் தொட்டி நடைக்குப் போனது. அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அது காய்ந்தது.

ஜன்னல் வந்த பிறகு நான் என் கொடியைத் தொடவே இல்லை. தொட முடியவில்லை. நூலை மட்டும் அறுத்துவிட்டேன். அது மூன்றே நாளில் தன்னைத் திருத்திக்கொண்டது. இடமாகத் தண்டில் ஏறி, குடைக்கம்பிகளில் பிரிந்து, காலை வெயிலைக் குடித்து, மொட்டு விட்டது. ஆடிப்பெருக்கு அன்று ஏழு பூ. ஒன்றுக்குள் ஒன்றாக, அடர் நீலம், நடுவே ஒரு பொட்டு வெள்ளை. காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போக எல்லோரும் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். அத்தை தாம்பாளத்தில் காதோலை, கருகமணி, மஞ்சள் எல்லாம் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். அவள் விரல் தண்டின் மேல் ஒருமுறை சுற்றியது. கண்டுகொண்டாள்.

"அத்தை, அது..." என்றேன்.

"பூ எந்தப் பக்கமா சுத்தி வந்துச்சுன்னா காவேரி ஆத்தா கேக்கப்போறா?" என்று சொல்லி ஏழையும் பறித்துத் தாம்பாளத்தில் போட்டாள்.

அத்தை மகள் பின்னால் பட்டுப் பாவாடையோடு நின்றிருந்தாள். அது அவள் காதிலும் விழுந்தது. காவிரியில் அன்று வெள்ளம் செம்மண் நிறத்தில் போனது. படித்துறையில் மாமா அவளுக்குக் கை நீட்டினார், வழுக்கும் என்று. அவள் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நீட்டிய கையை மாமா என் பக்கம் திருப்பினார். நான் பிடித்துக்கொண்டேன்.

அம்மா தேறி வந்தாள். அப்பா வந்து என்னைக் கூட்டிப்போனார். பஸ்ஸில் கொண்டுபோக முடியாது என்று குடை அங்கேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் எத்தனை முறை போயிருந்தாலும், அவள் தன் அப்பாவிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. "சாப்பிட வாங்க." "தபால் வந்திருக்கு." பெண் பெரியவளாகிவிட்டாள், அடக்கம் வந்துவிட்டது என்று அத்தை பெருமைப்பட்டாள். மாமாவும் மறுபடி சிரித்து நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவரிடம் பேசிவிட வேண்டும் என்று போவேன். அவர் தாளை உயர்த்திக்கொள்வார். அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். அத்தை போன இரண்டாம் வருடம் மாமாவும் போனார். அன்று அவள் கூடத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டைக் காலி செய்தபோது நான் போகவில்லை. தணிக்கை நேரம் என்று காரணம் சொன்னேன். தணிக்கை ஒன்றும் இல்லை.

போன வருடம் எங்கள் குடும்பக் குழுவில் அவள் ஒரு படம் அனுப்பினாள். அவள் ஃப்ளாட்டின் கிழக்கு ஜன்னல். அடுக்குச் சங்கு, இலை தெரியாமல் பூ. உறவினர்கள் கைகூப்பிய படமும் இதயமும் போட்டார்கள். நான் அந்தப் படத்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்தேன் என்று சொல்ல மாட்டேன். என் ஹாலில் நான்கு தொட்டி, உரம், நார்க்கம்பம், இணையத்தில் படித்த எல்லாம். பூ எண்ணினால் மூன்று. அவளுக்கு மறுபடியும் ஜன்னல்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் நான் எழுத உட்காரவில்லை. பொறாமையில்தான் உட்கார்ந்தேன். அவள் பூவைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்து, கடைசியில் அந்த எரிச்சல் எங்கே தொடங்கியது என்று எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். 'அன்று சொன்னது நான். உன் அப்பா அல்ல. அவர் தெரிந்தே தன் மேல் போட்டுக்கொண்டார். நீ அவரிடம் பேசாமல் இருந்த காலம் முழுவதும் என் கணக்கில் வர வேண்டியது.' பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். ஏழாம் நாள் அட்டை அவள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

முப்பதாம் நாள் முதல் நினைவூட்டு. அறுபதாம் நாள் இரண்டாவது. போனில் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் 'நீயாடி?' என்று மறுபடி கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை. மூன்றாவது நினைவூட்டை எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் இருந்தேன்.

வந்தது ஒரு சாதாரண உறை. உள்ளே கோடு போட்ட ஒற்றைத் தாள். அப்படியே தருகிறேன்:

"உன் கடுதாசியும் ரெண்டு நினைவூட்டும் கிடைச்சுது. நீ ரிட்டயர் ஆகல, இடம்தான் மாறியிருக்க.

நீதான் சொன்னன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அதுவரைக்கும் நாள் பூரா என் ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தவ, அன்னிக்கு நான் வந்து நின்னப்போ மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. நீ சத்தியம் பண்ணப்போ பாவமா இருந்துச்சு. அப்பா சொல்லலன்னும் தெரியும். அவர் உன்னைப் பாத்ததை நானும் பாத்தேன்.

எனக்குக் கோபம் அதுதான். என் கொடி கையோட வந்தப்போ அம்மாகிட்ட எனக்காக ஒரு வார்த்தை பேசாத மனுஷன், உனக்காக வாயை மூடிக்கிட்டார். உங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, நீ ஊரார் வீட்டுப் பொண்ணு மாதிரி இருட்டுல நிக்கிறன்னு அவருக்கு இரக்கம். அது இப்பப் புரியுது. பத்து வயசுல எனக்கு என்ன புரியும்? எனக்குக் கயிறு, உனக்குக் குடைன்னுதான் புரிஞ்சுது. ஆத்துல அவர் கையை நீ பிடிச்சுக்கிட்டு நின்ன. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

படத்துல நீ பூவை மட்டும்தான் எண்ணியிருப்ப. எலைக்குக் கீழ பாரு. வீடு காலி பண்ணப்போ நான் எடுத்துக்கிட்டு வந்தது அது ஒண்ணுதான். கயிறு மட்டும் மாத்தினேன். அப்பா உனக்குப் பண்ணினது. கேட்டாலும் தரமாட்டேன்."

படத்தைத் திறந்து விரலால் பெரிதாக்கினேன். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே, மேலே, துருப்பிடித்த கம்பிகள். எண்ணினேன். எட்டு. கொடி தண்டில் இடமாகச் சுற்றி ஏறியிருந்தது.

எனக்குச் செய்த குடை. அவள் வீட்டில், கிழக்கு ஜன்னலில். மேல்முறையீட்டுக்கு வழி இல்லை. தாளின் இடது மேல் மூலையில், பழக்க தோஷத்தில், சிவப்பு மையால் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: ஆடி பதினெட்டு, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றே கால்.